பொட்டாசியம் என்ன உப்புக்குச் சப்பாணியா?

போன மாதம் எங்கள் வீட்டு அடுப்படிக்குப் புதிதாக ஒரு டப்பா வந்து சேர்ந்தது. ரோஸ் கலரில், பார்க்க லட்சணமாக. இந்துப்பு. கிலோ 120 ரூபாய். வாங்கியது எங்கள் ஆயா. ஏழு வருஷமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறவர். தெருவில் யாரோ போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார்கள். வெள்ளை உப்பு விஷம், இந்துப்பில் 84 தாதுக்கள், இதைச் சாப்பிட்டால் பிபி தானாக இறங்கும் என்று அதில் ஒருவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பேசியிருக்கிறார். ஆயா உப்பை மாற்றியதோடு நிற்கவில்லை. மாத்திரையையும் பாதியாக உடைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 170/100.

"ஏன் ஆயா இப்பிடிப் பண்ண?" என்று கேட்டதற்கு, "நீ இன்னாடா படிச்சிக் கிழிச்ச, அந்த டாக்டரு டிவில அவ்ளோ வெவரமா சொல்றாரு" என்றார். அது டிவி இல்லை, அவர் டாக்டரும் இல்லை என்பதைப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

நான் காமர்ஸ் படிக்கிறவன். உடம்பைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் கோபத்தில் உட்கார்ந்து படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இது எங்கள் சப்ஜெக்ட்டும்கூட. கணக்கு, விலை, மானியம். மூன்றிலும் தப்பு நடக்கிறது.

முதலில் அந்த 84 தாதுக்கள். இந்துப்பு பாறையிலிருந்து வெட்டி எடுக்கும் உப்பு. அதில் 97, 98 சதவீதம் சோடியம் குளோரைடுதான். அதாவது நம் தூத்துக்குடி உப்பில் இருக்கும் அதே சரக்கு. ரோஸ் நிறம் இரும்புத் துருவால் வருவது. மிச்சமிருக்கும் இரண்டு மூன்று சதவீதத்துக்குள்தான் மற்ற 83 பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்குச் சாப்பிடும் உப்பில் கிடைக்கும் பொட்டாசியத்தைப் போல பல மடங்கு ஒரு வாழைப்பழத்தில் இருக்கிறது. வாழைப்பழம் எட்டு ரூபாய். பிபி உள்ளவருக்கு உப்புக்குப் பதில் இந்துப்பு என்பது, கடனை அடைக்க அதே வட்டிக்கு இன்னொரு ஆளிடம் கடன் வாங்குகிற கதை. போதாக்குறைக்கு, உதிரியாக விற்கும் இந்துப்பில் பெரும்பாலும் அயோடினும் சேர்ப்பதில்லை. பாகிஸ்தான் சுரங்கங்களிலிருந்து வருவதுதான் ஒரிஜினல் என்பார்கள். 2025 மே மாதம் அந்த நாட்டு இறக்குமதிக்கு அரசு மொத்தமாகத் தடை போட்ட பிறகும் ஆர்.கே.பேட்டையில் ஒரிஜினல் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. எப்படி என்று அந்த முருகனுக்கே வெளிச்சம் :-)

இந்துப்பு வைத்தியர்களைத் திட்டுவது சுலபம். எனக்கு அதைவிடப் பெரிய கோபம் வேறு இடத்தில். நாம் எல்லோரும், படித்தவர்கள் உட்பட, பிபி என்றதும் சொல்வது ஒரே வரி: "உப்பைக் குறை." அது உண்மைதான். ஆனால் பாதிக் கணக்கு. பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆடிட் முடிந்தது என்று கையெழுத்துப் போடுவது மாதிரி.

இன்னொரு பக்கத்தில் இருப்பது பொட்டாசியம்.

உடம்பு இந்தக் கணக்கை எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பு சுமார் ஒன்றரைக் கிலோ. கிராம் இல்லை, கிலோ. அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, நாம் அன்றைக்குச் சாப்பிட்ட அளவை மட்டும் வெளியே விடுகின்றன. நூற்றுக்கு ஒன்று கணக்குத் தப்பினால் 15 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உச்சவரம்பு 5 கிராம்தான். அப்படியென்றால் எவ்வளவு நுணுக்கமான ஆடிட் நடக்கிறது என்று பாருங்கள்.

சோடியம் இருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கும். ரத்தத்தில் சோடியம் கூடினால் நீரும் கூடும், குழாயில் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம்தான் சிறுநீரகத்தை அழுத்தி அதிகப்படி உப்பை வெளியே தள்ள வைக்கிறது. அதாவது அழுத்தம் ஏறுவது வெறும் நோய் இல்லை, மிச்ச உப்பை வெளியேற்ற உடம்பு கொடுக்கும் விலை. தினமும் கொடுத்துக்கொண்டே இருந்தால் ரத்தக்குழாய் திவாலாகிறது.

எதிர்த்திசையிலும் ஓர் ஏற்பாடு உண்டு. அழுத்தம் குறைந்தாலோ உப்பு குறைந்தாலோ சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. 1898-ல் திகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் சுவீடனில் முயலின் சிறுநீரகத்தை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். ரெனின் தொடங்கிவைக்கும் வேலையால் ஆஞ்சியோடென்சின் உருவாகி ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. பிறகு சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் வருகிறது. அது போடும் உத்தரவு: சோடியத்தை உள்ளே பிடி, பொட்டாசியத்தை வெளியே விடு. ஒரு பற்று, ஒரு வரவு. டபுள் என்ட்ரி!

இந்த ஏற்பாடு உப்பு கிடைக்காத காலத்துக்கானது. பிரேசில் காட்டில் வாழும் யனோமாமி மக்கள் உப்பே சேர்க்காமல் கிழங்கும் வாழையும் பழமுமாகச் சாப்பிட்டு வாழ்ந்தவர்கள். 1988-ல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில் 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். அதில் யனோமாமி மக்களின் சராசரி ரத்த அழுத்தம் சுமார் 95/61. வயது ஏற ஏற பிபி ஏறுவது இயற்கை என்று நாம் சொல்கிறோமே, அவர்களிடம் அது ஏறவே இல்லை.

சரி, பொட்டாசியம் இதில் என்ன செய்கிறது? ஆல்டோஸ்டிரோனுக்குப் பயந்து வெளியே ஓடும் அப்பாவி இல்லை அது. சிறுநீரக நுண்குழாயின் பின்பகுதியில் ஒரு பம்ப் இருக்கிறது, சோடியத்தைத் திரும்ப உள்ளே இழுப்பதற்கு. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இந்த பம்ப் வேகம் பிடிக்கும். ஏனென்றால் அதைத் தாண்டி சோடியம் போனால் அடுத்த கட்டத்தில் பொட்டாசியத்தைக் கொடுத்துத்தான் அதை மீட்க வேண்டும். இருக்கிற கொஞ்சம் பொட்டாசியமும் போய்விடுமே என்று உடம்பு முன்னாலேயே சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே உப்பு அளவுக்கு மேல் இருந்தாலும்! பொட்டாசியம் போதுமான அளவு வந்தால் பம்ப் அடங்குகிறது, சோடியம் சிறுநீரில் போகிறது.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், பிபிக்கு டாக்டர்கள் கொடுக்கும் தயசைடு வகை மாத்திரைகள் அடைப்பது இதே பம்ப்பைத்தான். தட்டில் பொட்டாசியம் இருந்தால் அந்த வேலையில் ஒரு பங்கு சாப்பாட்டிலேயே நடக்கும். மாத்திரைக்குப் பதில் என்று சொல்லவில்லை, ஆயா மாதிரி யாரும் மாத்திரையை உடைக்க வேண்டாம். மற்ற மாத்திரைகளும் இந்தக் கதைக்குள் இருப்பவைதான். டெல்மிசார்டன் ஆஞ்சியோடென்சினை மறிக்கிறது. அம்லோடிபின் ரத்தக்குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து அதைத் தளர்த்துகிறது. (இதைக் கேட்டுவிட்டு "அப்ப பால் குடிக்கக்கூடாதா?" என்று கேட்ட நண்பனுக்கு: குடிக்கலாம். அது செல்லின் வாசலில் நடக்கிற விஷயம், சாப்பிடும் கால்சியத்துக்கும் அதற்கும் சண்டை இல்லை.)

இப்போது நம் தட்டுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 3.5 கிராமாவது பொட்டாசியம் வேண்டும் என்கிறது. தீட்டிய அரிசி 100 கிராமில் 100 மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது. அதையும் கொதிக்க வைத்து வடித்துக் கஞ்சியோடு ஒரு பங்கை ஊற்றிவிடுகிறோம். கேழ்வரகில் அரிசியைப் போல் நான்கு மடங்கு. எங்கள் பக்கம் ஒரு காலத்தில் மதியம் களியும் கீரைக் கடைசலும்தான். இன்று தறி ஓட்டும் வீடுகளில் மூன்று வேளையும் ரேஷன் அரிசி, நடுநடுவே டீ, பஜ்ஜி, மிக்சர். சாம்பாரில் காய் தேடினால் கிடைக்கும், பொறுமை வேண்டும். காய்கறி விற்கும் விலைக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அரிசி இலவசம், கீரைக்கட்டு இருபது ரூபாய் என்றால் வீட்டுக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிய பி.காம் தேவையில்லை. 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். நல்ல விஷயம். நாங்களும் கேழ்வரகு ஊர்க்காரர்கள்தான்.

ஆக, நம் ஜனங்கள் இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிறார்கள். சோடியம் அதிகம், பொட்டாசியம் குறைவு. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வுப்படி 18 முதல் 69 வயது வரையானவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுப்பாட்டில் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு. அதற்கு மறு வருஷம் ஆகஸ்ட் 5-ம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீட்டுக்கே மாத்திரை வரும் திட்டம். 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கியது. நான் அதைக் குறை சொல்லப் போவதில்லை. நான் கேட்பது, மாத்திரையை வாசல் வரை கொண்டுவர முடிந்த மாநிலத்துக்கு உப்பை ஏன் கொண்டுவர முடியவில்லை?

என்ன உப்பு என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண உப்பில் கால் பங்கை எடுத்துவிட்டு அதற்குப் பதில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தால் சோடியம் குறைந்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரை வைத்துச் சோதித்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயது தாண்டி பிபி இருந்தவர்கள். பாதிக் கிராமங்களுக்கு இந்த உப்பு, மீதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. சுமார் ஐந்து வருஷம். 2021-ல் முடிவு வந்தது: பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, சாவு 12 சதவீதம் குறைவு. யாரும் சமையலை மாற்றவில்லை, வாக்கிங் போகவில்லை. டப்பாவில் இருந்த உப்பை மட்டும் மாற்றினார்கள்.

சீனாக்காரன் உடம்பு வேறு என்பவர்களுக்கு, நம் பக்கத்துத் தெலங்கானாவில் ஏழு கிராமங்களில் 502 பிபிக்காரர்களை வைத்து ஒரு சோதனை நடந்து 2021-ல் வெளியானது. மூன்றே மாதத்தில் மேல் அளவு 4.6 புள்ளி இறங்கியது. வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் உப்பில் பெரும்பகுதி ரொட்டி, டப்பா உணவு வழியாக வருவது, அங்கே வீட்டு உப்பை மாற்றிப் பெரிய பயனில்லை. நம் வீட்டில் உப்பு போடுவது அம்மாவின் கைதான். அதனால்தான் இங்கே இது வேலை செய்யும். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இந்த உப்பைப் பரிந்துரைத்துவிட்டது.

சரி, வாங்கலாம் என்று கிளம்பினேன். ஆர்.கே.பேட்டை கடைத்தெருவில் நாலு மளிகைக் கடை ஏறி இறங்கினேன். மூன்றில் இந்துப்பு இருந்தது. சோடியம் குறைந்த உப்பு ஒன்றிலும் இல்லை. "அப்பிடின்னா இன்னா தம்பி? இந்துப்பு வேணுமா?" என்றார் ஒரு கடைக்காரர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் (ஐ.சி.எம்.ஆரைச் சேர்ந்தது) சென்னையிலேயே 300 கடைகளில் தேடிப்பார்த்தது. இருந்தது 28 சதவீதக் கடைகளில். சூப்பர் மார்க்கெட்டுகளில் 52 சதவீதம், சின்ன மளிகைக் கடைகளில் வெறும் 4 சதவீதம். விலை 100 கிராம் சராசரியாக 5.60 ரூபாய், சாதா உப்பு 2.70. இரண்டு மடங்குக்கு மேல்.

இப்போது என்னை எழுத வைத்த மேட்டர். இந்த உப்பு தமிழ்நாடு அரசுக்குத் தெரியாத சரக்கு இல்லை. 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகம் என்று அரசுக்குச் சொந்தமாகவே ஒரு கம்பெனி உண்டு, ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம். 2014 ஜூனில் அம்மா உப்பு வந்தபோது அதில் மூன்று ரகம். சாதா அயோடின் உப்பு 10 ரூபாய், இரும்புச்சத்தும் சேர்த்தது 14 ரூபாய், சோடியம் குறைந்த உப்பு 21 ரூபாய். பதினோரு ரூபாய் வித்தியாசம் ஏன்? வெளிச்சந்தையில் அது 25, நாங்கள் நாலு ரூபாய் குறைத்துக் கொடுக்கிறோம் என்று கணக்குக் காட்டலாம். ஆனால் வாங்குகிற ஆயா 25-ஐயா பார்க்கிறார்? பக்கத்தில் இருக்கும் 10-ஐப் பார்க்கிறார். இரண்டு வெள்ளை உப்பு, ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு விலை. நல்லதைச் செய்யும் பாக்கெட்டுக்கு அதிக விலை போட்டு அலமாரியில் வைத்துவிட்டு மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்வது என்ன நியாயம்?

1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது உப்பின் விலைமேல் வரி ஏற்றியதை எதிர்த்துத்தான். உப்பு விலை அரசியல் என்பது இந்த மாநிலத்துக்குப் பாடம் எடுக்க வேண்டிய விஷயமா?

விலை ஏறக் காரணம் பொட்டாசியம் குளோரைடு. இந்தியா தனக்கு வேண்டிய பொட்டாஷை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. ஆனால் அதே பொட்டாசியம் குளோரைடு உரமூட்டையாக வயலுக்குப் போனால் மத்திய அரசு மானியம் தருகிறது. கரும்புக்குப் பொட்டாசியம் பற்றாக்குறை என்றால் கஜானா திறக்கும், கரும்பு வெட்டுகிறவருக்குப் பற்றாக்குறை என்றால் "வாழைப்பழம் சாப்பிடுங்க". (உர மூட்டையைப் பிரித்துச் சமையலில் போட்டுவிடாதீர்கள், அது சாப்பிடும் தரத்தில் சுத்தம் செய்தது இல்லை.)

செலவு எவ்வளவு ஆகும்? ஒரு ஆளுக்கு தினம் எட்டு கிராம் என்று வைத்தால் நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஏறக்குறைய ஒரு கிலோ. சென்னைக் கடை விலைப்படியே வித்தியாசம் 29 ரூபாய், வருஷத்துக்கு 348. தமிழ்நாட்டில் ரேஷன் கார்டுகள் சுமார் 2.2 கோடி. எல்லோருக்கும் என்றால் 766 கோடி, அது பெரிய தொகை, ஒப்புக்கொள்கிறேன். பத்தில் ஒரு கார்டுக்கு, அதாவது பிபி மாத்திரை வாங்குகிறவர்கள் உள்ள வீடுகளுக்கு மட்டும் என்றால் 77 கோடிக்குள். அதுவும் சில்லறை விலையில் போட்ட கணக்கு. மொத்தக் கொள்முதலில் இன்னும் குறையும். ரேஷன் கடையில் ஏற்கெனவே உப்பு விற்கும் பழக்கம் உண்டு, புதிதாகக் கடை திறக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரே ஒரு உருப்படியான ஆட்சேபம் இருக்கிறது, அதை மழுப்பப் போவதில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்து. வெளியேற்ற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறி உயிர் போகலாம். டெல்மிசார்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மருந்துகளும் பொட்டாசியத்தைத் தேக்கி வைப்பவை. உலக சுகாதார நிறுவனமும் சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்கிறது. நம் ஊரில் சர்க்கரை நோயால் கிட்னி கெட்டது தெரியாமலே நடமாடுபவர்கள் நிறைய. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் கொடு என்று கேட்கவில்லை. மாத்திரைப் பட்டியலில் பெயர் உள்ளவருக்கு ஒரு கிரியாட்டினின், பொட்டாசியம் டெஸ்ட். சரியாக இருந்தால் டாக்டரே உப்புக்கும் சீட்டு எழுதட்டும். பிபி பட்டியலில் இருப்பவர்களுக்கு கிட்னி டெஸ்ட் எப்படியும் எடுக்க வேண்டியதுதானே.

இன்னொன்று, "வேர்வை சிந்தி உழைக்கிறவனுக்கு உப்பு வேணும்பா" என்று எங்கள் தெருவிலேயே சொல்வார்கள். தறிக்கொட்டகையில் மே மாதம் நின்று பார்த்தால் அது ஏன் என்று புரியும். ஆனால் வெயிலுக்குப் பழகிய உடம்பில் அதே ஆல்டோஸ்டிரோன் வேர்வையில் போகும் சோடியத்தையும் குறைத்துவிடுகிறது. அப்படியும் மயக்கம், பிடிப்பு என்றால் அதற்கு ஓ.ஆர்.எஸ். இருக்கிறது. அதிலும் பொட்டாசியம் குளோரைடு உண்டு, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஊறுகாய் அதற்கு மருந்து ஆகாது.

ஆயாவுக்கு ரத்தம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். ரிசல்ட் வந்த பிறகுதான் எந்த உப்பு என்று முடிவு. அதுவரை முழு மாத்திரை, சாதா உப்பு அளவாக, வாரத்தில் மூன்று நாள் களி. இந்துப்பு டப்பா இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. 120 ரூபாய் ஆச்சே, தூக்கிப் போட ஆயாவுக்கு மனசு வரவில்லை.